எப்படி வாசிக்கிறோம் என்று தெரியாமல் தவித்த மேதை... செல்லோ வாத்தியார் ஸ்டார்க்கரின் கதை!

டி.வி பாட்டுப் போட்டியில் ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று சங்கதிகளை அநாயாசமாக உதிர்க்கிறது. நடுவர் நெகிழ்ந்துபோய், "எப்படிடா கண்ணு இப்படிப் பாடுற?" என்று கேட்கிறார். குழந்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்து வெட்கமாகச் சிரிக்கிறது. அரங்கமே கைதட்டுகிறது. அந்தக் குழந்தையிடம் பதில் இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை. வருகிறது, பாடுகிறது, அவ்வளவுதான்.

சரி, அதே குழந்தை வளர்ந்து, இருபது வயதைத் தாண்டி, ஒருநாள் அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டால்? 'நான் எப்படி இதைச் செய்கிறேன்?' பதில் தெரியவில்லை என்று புரிந்த நொடியிலிருந்து கை வர மறுத்தால்?

யானோஷ் ஸ்டார்க்கருக்கு அதுதான் நடந்தது. 20-ம் நூற்றாண்டின் மிகப்பெரிய செல்லோ கலைஞர்களில் ஒருவர். அதைவிட முக்கியமாக, ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஒரே ஊரில் உட்கார்ந்து, உலகம் முழுக்க செல்லோ வாசிப்பவர்களை உருவாக்கி அனுப்பிய வாத்தியார். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

அதற்கு முன்னால் செல்லோ பற்றி இரண்டு வார்த்தை. பார்த்திருப்பீர்கள். வயலினைப் பல மடங்கு பெரிதாக்கி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பார்களே, அதுதான். நம் சினிமாப் பாட்டுகளில் சோகமான இடையிசை வரும்போது, வயலின்களுக்குக் கீழே ஓர் ஆண்குரல் மாதிரி கனமாக ஒன்று நகரும். பல சமயம் அது செல்லோதான். நான்கு கம்பிகள். வீணையில் இருப்பதுபோல மெட்டுகள் கிடையாது. எந்த இடத்தில் விரலை வைத்தால் எந்த ஸ்வரம் என்று கைக்குத்தான் தெரிய வேண்டும். வயலினில் ஸ்வரங்கள் நெருக்கமாக இருக்கும். செல்லோவின் கம்பி, வயலின் கம்பியைப்போல இரண்டு மடங்கு நீளம். அதனால் இடது கை சும்மா இருந்த இடத்தில் விரலை மாற்றினால் போதாது. மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடிப்போய்ச் சரியான புள்ளியில் இறங்கவும் வேண்டும். ஒரு மயிரிழை தள்ளி இறங்கினால் அபஸ்வரம். இந்த 'ஓடி இறங்குகிற' விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தையல்காரர் வீட்டுக் கடைக்குட்டி

ஹங்கேரி நாட்டின் தலைநகர் புடாபெஸ்ட். 1924-ம் வருஷம் ஜூலை 5-ம் தேதி, ஒரு யூதக் குடும்பத்தில் மூன்றாவது மகனாகப் பிறந்தார் ஸ்டார்க்கர். அப்பா தையல்காரர். அண்ணன்கள் இரண்டு பேரும் வயலின். மூன்றாவதும் வயலினா என்று யோசித்திருப்பார்கள்போல, ஆறு வயது முடிவதற்குள் இவர் கையில் செல்லோவைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏழு வயதில் புடாபெஸ்டின் ஃபிரான்ஸ் லிஸ்ட் இசை அகாடமியில் சேர்ந்தார். அங்கே அவருடைய குரு அடால்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் குரு டேவிட் பாப்பர். செல்லோ படிக்கிற பிள்ளைகள் உலகத்தில் எங்கே இருந்தாலும், இன்றைக்கும் பாப்பர் எழுதிய பயிற்சிகளை வாசித்துத் திட்டிக்கொண்டேதான் வளர்கிறார்கள். நம் ஊரில் சிஷ்ய பரம்பரை என்று சொல்வோமே, அப்படி ஒரு நேர்க்கோடு.

எட்டு வயதில் ஸ்டார்க்கர் முதல் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். படித்தது சரிதான். எட்டு வயதில் டியூஷன் வாத்தியார்! அவரிடம் வந்தது அவரைவிடச் சின்னக் குழந்தை. பன்னிரண்டு வயதில் ஐந்து மாணவர்கள். பதினான்கு வயதில் இன்னொரு சம்பவம். துவோர்ஷாக் எழுதிய செல்லோ கான்செர்ட்டோவை வாசிக்க வேண்டிய கலைஞரால் வர முடியவில்லை. மூன்று மணி நேரம் முன்னால் இந்தப் பையனைக் கூப்பிட்டார்கள். முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஏறக்குறைய நாற்பது நிமிடம் தனியாளாக வாசிக்க வேண்டிய பெரிய உருப்படி அது. போனார், வாசித்தார், வந்தார்.

பயம் என்றால் என்னவென்று தெரியாத வயது. எப்படி வாசிக்கிறோம் என்பதும் தெரியாத வயது.

பிறகு யுத்தம் வந்தது. இதை நீட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1944-ல் ஜெர்மன் ராணுவம் ஹங்கேரிக்குள் நுழைந்தது. வயலின் வாசித்த இரண்டு அண்ணன்களும் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். யானோஷும் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அவர் பிழைத்தார். அம்மாவும் அப்பாவும் பிழைத்தார்கள். மூன்று பிள்ளைகள் வாத்தியம் வாசித்த வீட்டில் ஒரு செல்லோ மட்டும் மிச்சம்.

பறவையின் பிரச்னை

யுத்தம் முடிந்ததும் புடாபெஸ்ட் ஆபராவில் தலைமைச் செல்லோ கலைஞர் பதவி கிடைத்தது. இருபத்தியொரு வயதுப் பையனுக்கு அது ராஜ உத்தியோகம். ஆனால் 1946-ல் அதை விட்டுவிட்டு, ஊரையும் விட்டுவிட்டு, முதலில் வியன்னா, அங்கிருந்து ஜெனீவா, பிறகு பாரிஸ் என்று கிளம்பிவிட்டார். ஜெனீவாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது வெண்கலம்தான். நேற்றுவரை பால மேதை, இன்று வெறும் வெண்கலம்.

இந்தக் காலகட்டத்தில்தான் அந்தச் சரிவு. கச்சேரி நன்றாகப் போயிருக்கும். எழுந்து வந்து யோசித்தால், எதை எப்படிச் செய்தோம் என்று எதுவுமே தெரியாது. தூக்கத்தில் நடக்கிறவன் மொட்டை மாடிச் சுவரில் அழகாக நடந்து போவான் இல்லையா, நடுவில் விழிப்பு வந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கை தடுமாறியது. நம்பிக்கை போனது. பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் ஒரு பறவையை உதாரணம் சொல்வார். எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாமலே பாடும் பறவைக்கு ஒருநாள் பாட்டு வராமல் போனால் அது என்ன செய்யும்? பால மேதைகளுக்கு நடப்பது அதுதான் என்பது அவருடைய வாதம்.

இந்த இடத்தில் பெரும்பாலான பால மேதைகளின் கதை முடிந்துவிடும். 'சின்ன வயசுல என்னமா வாசிப்பான்' என்று உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஸ்டார்க்கர் வேறு ஒன்று செய்தார். ஏறக்குறைய ஒரு வருஷம், மோட்டாரைக் கழற்றிப்போட்ட மெக்கானிக் மாதிரி உட்கார்ந்து, தன் வாசிப்பை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துப் பார்த்தார். இந்த ஸ்வரத்திலிருந்து அந்த ஸ்வரத்துக்குப் போகும்போது முதலில் அசைவது விரலா, மணிக்கட்டா, முழங்கையா? வில் திரும்பும் நொடியில் தோள் என்ன செய்கிறது? மூச்சு எங்கே நிற்கிறது? எந்தத் தசை வேலை செய்கிறது, எந்தத் தசை வேலை செய்வதாகப் பாசாங்கு செய்துகொண்டு வலியை மட்டும் உண்டாக்குகிறது?

தெரியாமல் செய்த எல்லாவற்றையும் தெரிந்து செய்யக் கற்றுக்கொண்டார். இதைத்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். மூன்று மணி நேர நோட்டீஸில் துவோர்ஷாக் வாசித்தது அல்ல.

அந்த உழைப்பு பலித்ததா? 1948-ல் பதில் வந்தது. ஸோல்டான் கோடாய் என்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் 1915-ல் எழுதிய, துணை வாத்தியமே இல்லாத தனி செல்லோ சொனாட்டா ஒன்று உண்டு. கீழிரண்டு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். அதாவது, பாதி வாத்தியத்தில் பழகிய இடத்தில் பழகிய ஸ்வரம் இருக்காது. வலது கை வில்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே இடது கை விரல் கம்பியைச் சுண்ட வேண்டிய இடங்களெல்லாம் உண்டு. அரை மணி நேரம் ஓர் ஆள் வாசிப்பது ஒரு சின்ன பேண்டு வாசிப்பதுபோலக் கேட்கும். ஸ்டார்க்கர் பாரிஸில் அதை இசைத்தட்டாகப் பதிவு செய்தார். பிரான்ஸின் மதிப்புமிக்க இசைத்தட்டுப் பரிசான 'கிராண்ட் ப்ரீ து திஸ்க்' அதற்குக் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவரால் தாண்ட முடியாத உருப்படி அது.

அதே வருஷம் அமெரிக்கா கிளம்பினார். டல்லாஸ் சிம்பொனியை அப்போது நடத்திக்கொண்டிருந்த கண்டக்டர் அன்டால் டொராட்டியும் புடாபெஸ்ட்காரர். (பஸ் கண்டக்டர் இல்லை, குச்சியை வைத்துக்கொண்டு ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்.) ஒரு வருஷம் அங்கே. பிறகு நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஆபரா. அங்கே ஃபிரிட்ஸ் ரைனர், அவரும் புடாபெஸ்ட். 1953-ல் ரைனர் சிகாகோ சிம்பொனிக்குப் போனபோது ஸ்டார்க்கரும் கூடவே போனார். ஊர்க்காரன் ஊர்க்காரனுக்கு இடம் பிடித்துக் கொடுப்பது நம் ஊர் மட்டும் கண்டுபிடித்த விஷயம் இல்லை.

பத்து வருஷம் ஆர்கெஸ்ட்ரா வேலை. தினம் ஒத்திகை, ராத்திரி கச்சேரி. ஜுரமாக இருந்தாலும், மனசு சரியில்லாவிட்டாலும், விளக்கு எரிந்தால் வாசித்தாக வேண்டும். 'இன்னிக்கு மூடு இல்ல' என்று சொல்ல முடியாத உத்தியோகம். இந்தப் பத்து வருஷம் அவருடைய வகுப்பறையில் பின்னால் எப்படி எதிரொலித்தது என்பது சுவாரஸ்யமானது.

சோளக்காட்டு ஊரில் ஒரு குருகுலம்

1958-ல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் பேராசிரியர் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் பெயர் புளூமிங்டன். நியூயார்க், சிகாகோ மாதிரியான பெருநகரம் இல்லை. சுற்றிலும் சோளம் விளைகிற மாநிலத்தில் ஒரு கல்லூரி டவுன். உலகப் புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு அங்கே போவதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஸ்டார்க்கருக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. ஆர்கெஸ்ட்ராவில் இருந்தால் தனிக் கச்சேரிக்கு ஊர் ஊராகப் போக முடியாது. பல்கலைக்கழகத்தில் இருந்தால் போகலாம். திரும்பி வந்து சொல்லிக்கொடுக்கலாம்.

சொல்லிக்கொடுக்காமல் தன்னால் வாசிக்க முடியாது, வாசிக்காமல் சொல்லிக்கொடுக்கவும் முடியாது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். மேடைப் பேச்சு மாதிரி தெரியும். ஆனால் அவர் கதையை வைத்துப் பார்த்தால் இது அலங்காரம் இல்லை. தன் கை என்ன செய்கிறது என்பதை ஒருமுறை தொலைத்தவர். அடுத்தவருக்கு வார்த்தையில் விளக்கிச் சொல்லும்போதெல்லாம் தனக்கும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள முடிகிறது. எனக்கு இப்படித்தான் புரிகிறது.

சரி, அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்? முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இடது கை ஓடி இறங்குவது. புதிதாகக் கற்கிற யாரும் விரல் தாவுகிறது என்றுதான் நினைப்பார்கள். ஸ்டார்க்கரைக் கேட்டால் விரல் கடைசியில் வருகிற ஆள். முதலில் கிளம்ப வேண்டியது கை. முந்தைய ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை அடுத்த இடத்துக்குத் தயாராகிவிட வேண்டும். பஸ் ஸ்டாப் வந்தபிறகு சீட்டிலிருந்து எழுந்தால் இறங்க முடியுமா? முந்தைய ஸ்டாப்பிலேயே படிக்கட்டுப் பக்கம் வந்துவிட வேண்டாமா? (பஸ் உதாரணம் என்னுடையது. அவர் ஊரில் அவ்வளவு கூட்டம் இருந்திருக்காது.)

அடுத்து பலம். சத்தமாக வாசிக்க வேண்டுமென்றால் அழுத்த வேண்டும் என்பது இன்னொரு பொது நம்பிக்கை. வில்லைப் பிடித்த கையால் அழுத்துவார்கள், இடது கட்டைவிரலால் கழுத்துப் பகுதியைக் கிடுக்கிப்பிடி போடுவார்கள். கொஞ்ச நாளில் மணிக்கட்டு வலி, தோள் வலி. பலம் விரலிலிருந்து வரக் கூடாது, முதுகிலிருந்து கிளம்பி, தோள் வழியாக, கையின் எடையாக இறங்க வேண்டும் என்பது ஸ்டார்க்கரின் பாடம். சிறிய தசை செய்கிற வேலையைப் பெரிய தசையிடம் கொடு. விறைப்புதான் எதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்காதே. உட்காரும் விதத்திலிருந்தே அவருடைய வகுப்பு ஆரம்பித்துவிடும்.

பிறகு வில். வில் ஒரு பக்கம் போய் முடிந்ததும் திரும்பி வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் ஒரு 'டக்' கேட்கும். கேட்கக் கூடாது. கை நேர்க்கோட்டில் போய் முட்டித் திரும்பாமல், வளைந்து சுழன்று திரும்பினால் கேட்காது. சொல்வதற்கு ஒரு வரி. மாணவர்களுக்கு மாதக்கணக்கு.

இடது கைப் பயிற்சிகளை மட்டும் தொகுத்து 1960-களில் ஒரு புத்தகம் போட்டார். பார்த்தால் பாட்டே இருக்காது. வரிசை வரிசையாக ஸ்வரங்கள். நம் சரளி வரிசை, ஜண்டை வரிசை மாதிரிதான். 'ஆறு மாசமா வரிசையே போயிட்டு இருக்கு, எப்போ மிஸ் ஒரு பாட்டு சொல்லித்தருவீங்க?' என்று பாட்டு டீச்சரைக் கேட்கிற அம்மாக்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், ஸ்டார்க்கர் உங்கள் பக்கம் இல்லை.

அவருடைய வகுப்பு இனிப்பாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறாரான ஆள், நாக்கில் கத்தி வைத்திருந்த ஆள் என்று பெயர். அவருக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பதற்கு மாணவர்கள் நடுங்கியிருக்கிறார்கள். குருவிடம் திட்டு வாங்குவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திட்டினால்தான் வித்தை வரும் என்றால் உலகத்தில் பாதிப் பேர் வித்வானாகியிருக்க வேண்டும். ஸ்டார்க்கரிடம் மாணவர்கள் வரிசைகட்டி நின்றதற்குக் காரணம் அந்த நாக்கு இல்லை. 'தப்பு' என்று சொன்ன அடுத்த நொடியே எந்தத் தசையில், எந்த நொடியில் தப்பு என்பதையும் சொன்னார். 'ஃபீல் இல்ல, இன்னும் ஃபீல் பண்ணி வாசி' என்கிற வாத்தியாரிடம் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று தெரியும்.

நட்சத்திரங்களை உருவாக்குவது அவருடைய லட்சியமாகவும் இருக்கவில்லை. தனிக் கச்சேரி செய்து பிழைக்க உலகத்தில் சில பேருக்குத்தான் இடம். மற்றவர்கள்? ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பார்கள், நால்வர் குழுவில் வாசிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வேலைக்கெல்லாம் தேவை, எந்த நாளில் கூப்பிட்டாலும் ஒரு தரத்துக்குக் கீழே இறங்காத வாசிப்பு. ரைனரிடம் வேலை பார்த்த வருஷங்கள் பேசுவது இங்கேதான்.

இப்படிச் சொன்னவரிடமிருந்தே நட்சத்திரங்களும் வந்தார்கள் என்பது தனிக் கதை. ஜப்பானிலிருந்து வந்து படித்த சுயோஷி சுட்சுமி, 1963-ல் காசால்ஸ் பெயரில் நடந்த சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அந்தப் போட்டி நடந்த ஊர் எது தெரியுமா? புடாபெஸ்ட். வாத்தியார் விட்டுவிட்டு வந்த அதே ஊர். சுட்சுமி பின்னாளில் டோக்கியோவின் சன்டோரி ஹாலுக்குத் தலைவரானார். பாரிஸில் நடந்துவந்த ரோஸ்ட்ரோபோவிச் போட்டியில் 1981-ல் ஜெர்மனியின் மரியா கிளீகல், 1986-ல் கேரி ஹாஃப்மன். இரண்டு பேரும் ஸ்டார்க்கரின் மாணவர்கள். புளூமிங்டனிலும் அவர் தனியாளாக இல்லை. புடாபெஸ்ட் காலத்து நண்பரான பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷெபக், வயலின் வாத்தியார் ஜோசப் கிங்கோல்ட், பியானோவுக்கு மெனஹெம் பிரெஸ்லர் என்று ஒரு பட்டாளமே அந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. இதில் பிரெஸ்லரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். ஐரோப்பா துரத்தியடித்ததை ஒரு சோளக்காட்டு ஊர் சேர்த்துவைத்துக்கொண்டது.

அசையாத முகம்

ஸ்டார்க்கரின் கச்சேரி வீடியோ ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வழுக்கைத் தலை, துளைக்கும் பார்வை. மற்றபடி முகத்தில் ஒன்றுமே இருக்காது. கண்ணை மூடி உருகுவது, தலையை ஆட்டுவது, வானத்தைப் பார்ப்பது எதுவும் கிடையாது. வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கிற மேனேஜர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கலைஞன் மேடையில் உருகத் தேவையில்லை, கேட்கிறவர் உருகினால் போதும் என்ற கட்சி அவர். இதனாலேயே அவரை உணர்ச்சி இல்லாதவர், குளிர்ந்த வாசிப்பு என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு.

முதலில் வீடியோவில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெறும் ஆடியோவாகக் கேட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. கோடாய் சொனாட்டாவின் நடுப்பகுதியில் கீழ்க் கம்பி முனகுகிற இடத்தைக் குளிர்ச்சி என்று யாராலும் சொல்ல முடியாது. உணர்ச்சியெல்லாம் முகத்தில் செலவாகாமல் கம்பிக்குப் போய்விடுகிறது. இரண்டு அண்ணன்களை அப்படி இழந்த ஒருவரிடம், உங்கள் வாசிப்பில் சோகம் போதவில்லை என்று எப்படிச் சொன்னார்களோ!

மேடைக்கு வெளியே ஆள் வேறு. அரட்டை, விஸ்கி, ஓயாத சிகரெட். தென் கரோலினாவில் ஒருமுறை அரங்கத்தின் பின்பக்கம் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று சொன்னதற்காகக் கச்சேரியே செய்யாமல் கிளம்பிப் போய்விட்டார். இந்தக் கதையை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். எந்த நாளிலும் தரம் குறையாமல் வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அந்த ஒருநாள் வாசிக்கவே இல்லை.

வாத்தியத்தையும் அவர் விடவில்லை. கம்பிகளைத் தாங்கும் குதிரை இருக்கிறதல்லவா, அதில் துளைகள் போட்டால் ஒலி நன்றாகக் கிளம்பும் என்று ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார். 'ஸ்டார்க்கர் குதிரை' என்றே அதற்குப் பெயர். அவர் வாசித்த செல்லோ 1705-ல் வெனிஸில் மட்டேயோ கோஃப்ரில்லர் செய்தது. 1965-ல் இவர் கைக்கு வந்தபோது அதற்கு 260 வயது. அதற்கு முன் சில வருஷங்கள் ஒரு ஸ்ட்ராடிவேரியஸை வைத்திருந்தார். பழைய வாத்தியம் என்றால் இந்த உலகத்தில் அவ்வளவு பழசு.

பாக் எழுதிய ஆறு தனி செல்லோ தொகுப்புகள்தான் செல்லோ கலைஞர்களின் வேதம். ஸ்டார்க்கர் அவற்றை வாழ்நாளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார். இளம் வயதில் ஒன்று, அறுபதுகளில் ஒன்று என்று போய், கடைசிப் பதிவு 1992-ல். அதற்குத்தான் கிராமி விருது, 1998-ல். ஏற்கெனவே பாராட்டப்பட்ட ஒன்றை 68 வயதில் மறுபடி ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்கலாம். 'எப்படி வாசிக்கிறேன்' என்ற கேள்வியை இருபதுகளில் பிடித்தவர், அதை விடவே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

2013 ஏப்ரல் 28-ம் தேதி புளூமிங்டனிலேயே காலமானார். 88 வயது. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த ஊர். அவரிடம் படித்தவர்களில் பலர் இன்று பல நாடுகளில் பேராசிரியர்கள். அவர்களுடைய மாணவர்களும் இப்போது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பர், ஷிஃபர், ஸ்டார்க்கர் என்று வந்த கோடு எத்தனை கிளையாகப் பிரிந்திருக்கிறது என்று எண்ண முடியாது.

கேட்க ஆசை வந்தவர்களுக்கு: கோடாயில் ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் மிரட்டும். பாக் முதல் தொகுப்பின் முதல் பகுதி, இரண்டரை நிமிடம்தான். விளம்பரங்களிலும் சினிமாக்களிலும் கேட்டிருப்பீர்கள், 'அட, இதுவா?' என்று தோன்றும். யூடியூபில் ஸ்டார்க்கர் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு, வில் எங்கே திரும்புகிறது என்று காதால் கண்டுபிடிக்கப் பாருங்கள். இரண்டாம் தடவை கண்ணைத் திறந்து அவருடைய வலது கையைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாதி இடங்களில் ஏமாந்திருப்பீர்கள்.